முதலில் தண்ணீர் குடியுங்கள்

ஓடா பள்ளத்தாக்குக் குடிநீர் வாரியத்தில் தண்ணீர் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் பஞ்சம் கிடையாது. குமாசிக்குப் போகும் சாலையில் நாலு மாடிக் கட்டடம், ஆறு துணை இயக்குநர்கள், நிறுத்த இடமில்லாத அளவுக்கு ஜீப்புகள், வாரத்துக்கு மூன்று கூட்டம். கூட்டத்தில் குடிக்க வைக்கும் தண்ணீர் மட்டும் எதிர்க்கடையிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாக வரும். இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

செர்வா அங்கே வந்து சேர்ந்தது தேசிய சேவைக்காக. பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருடம் அரசு காட்டும் இடத்தில் வேலை பார்த்தாக வேண்டும். கணினி படித்த இவளுக்கு வாரியத்தைக் காட்டினார்கள். ஐந்து மாதமாக அவள் பார்த்த கணினி வேலை, அச்சுப்பொறியில் சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பதும் எதிர்க்கடைக்குப் போய்த் தண்ணீர் பாக்கெட் வாங்கி வருவதும்தான். அவள் பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘சர்வீஸ் பொண்ணு’ என்றால் ஓடி வந்துவிடுவாள்.

வீட்டில் கதையே வேறு. ஆசாமன் தெருவில் அவளுடைய அக்கா போக்குவா, வேகவைத்த கிழங்கை உலக்கையால் இடித்து உருட்டி சூப்போடு தரும் ஃபுஃபு கடை வைத்திருந்தாள். அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஒரு நாள் வரும். எந்த நாள் என்பது வந்து போன பிறகுதான் தெரியும். அக்கா சந்தைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்துவிட்டு, அவள் கிழங்கு மூட்டையோடு திரும்புவதற்குள் நின்றுவிடும். அந்த மாதம் மட்டும் மூன்று தடவை இப்படி ஆனது. கிழங்கு கழுவத் தண்ணீர் இல்லை, சூப்பு வைக்கத் தண்ணீர் இல்லை. கடையைச் சாத்திவிட்டு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி, நீ அந்தத் தண்ணி ஆபீஸ்லதானே குப்பை கொட்டுறே? என்னைக்குத் தண்ணி விடுவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னா வாய் வலிக்குமா?”

“அங்க யாருக்குமே தெரியாதுக்கா.”

“தொறந்து விடுறவனுக்குக் கூடவா தெரியாது?”

நாலு மாடிக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. செர்வா மறுநாள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். வால்வு திறக்கும் பாபா யகுபு அங்கே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று அடுத்த வாரத்துக்கானதை முன்கூட்டியே பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

“பாபா, இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாராவது கேட்டாத்தானேம்மா சொல்றது? நானாப் போய்ச் சொன்னா, நீ என்ன கிரேடுன்னு கேப்பாங்க.”

அன்று மத்தியானமே செர்வா வேலையை முடித்துவிட்டாள். கல்லூரியில் பழகிய ஒரு ப்ரேம்வொர்க் கையில் இருந்தது. அதில் சாட்பாட் கட்டுவது பெரிய கம்பசூத்திரமில்லை. கன்ட்ரோலர் என்று சின்னச் சின்ன நிரல் துண்டுகளாக எழுத வேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு வேலை. அவள் எழுதியது மூன்று. ஒன்று, தெருவின் பெயரைக் காதில் வாங்கும். இரண்டாவது, யகுபுவின் நோட்டைப் பார்க்கும். மூன்றாவது, பதில் சொல்லும். மொத்தம் நாற்பது வரி.

வாட்ஸாப்பில் அக்கா ‘ஆசாமன்’ என்று அடித்தாள். ‘செவ்வாய், காலை 6 முதல் 12 வரை’ என்று பதில் வந்தது. செவ்வாயன்று ஆறு மணிக்குக் குழாய் இருமியது, தண்ணீர் கொட்டியது. அக்கா நாலு பீப்பாயையும் நிரப்பிவிட்டு, தங்கையின் கன்னத்தை ஈரக் கையால் கிள்ளினாள். அடுத்த இரண்டு வாரமும் கடை ஒரு நாள்கூட மூடவில்லை. தெருவில் இருபது பேர் அந்த வாட்ஸாப் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். செர்வாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது பேருக்குக் கிடைப்பது ஊருக்கே கிடைக்கட்டும் என்று நினைத்தாள். வாரியத்தின் சம்பிரதாய அதிகாரி மேடம் ஃபெலிசியாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

மூன்றாம் நாள் அவசரக் கூட்டம். இயக்குநர் ‘முனைவர் பொறியாளர்’ அம்பெம்-டார்க்கோ தலைமை. முனைவரையோ பொறியாளரையோ விட்டுவிட்டுப் பேர் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. கைப்பேசியை வாங்கி ‘ஆசாமன்’ என்று அடித்தார். பதிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் சார். வேகமா வரும்” என்றாள் செர்வா பெருமையோடு.

“வேகமா!” இயக்குநர் ஆறு துணை இயக்குநர்களையும் வலமிருந்து இடமாக ஒரு சுற்றுப் பார்த்தார். “ஒரு மனுஷன் நம்ம வீட்டு வாசலுக்கு வர்றான். வா, உக்காருன்னு சொல்லணும். முதல்ல தண்ணி குடுக்கணும். அவன் குடிச்சு முடிச்சப்புறம் வந்த சேதி என்னன்னு கேக்கணும். நம்ம அப்பன் பாட்டன் அப்படித்தான் செஞ்சான். எடுத்த எடுப்பில ‘செவ்வாய்’னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லலாமா? நாம என்ன காட்டுமிராண்டிக் கூட்டமா? தண்ணி வாரியத்துக்கு வந்தவன் தண்ணி குடிக்காமலே பதிலை வாங்கிட்டுப் போறதா? எனக்கு வெக்கமா இருக்கு!”

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பி, ஒரே மூச்சில் உறிஞ்சினார். துணை இயக்குநர்கள் மேசையைத் தட்டினார்கள்.

“சார், அது வாட்ஸாப். அதுல எப்படித் தண்ணி குடுக்கிறது?”

“குடுக்க வேணாம்மா. உபசாரம் பண்ணணும்” என்றாள் மேடம் ஃபெலிசியா. இருபத்தாறு வருடமாக உபசாரம் மட்டுமே பண்ணிக்கொண்டிருப்பவள் அவள்.

அப்படியாக நாலாவது கன்ட்ரோலர் பிறந்தது. ‘அக்வாபா! வாருங்கள், அமருங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள். குடித்துவிட்டீர்களா?’ என்று அது கேட்கும். ‘குடித்தேன்’ என்ற பதில் வந்தால்தான் மேலே விடும்.

அடுத்த கூட்டத்தில் சாட்பாட்டுக்குப் பெயர் வைத்தார்கள். தண்ணீருக்கு அந்த ஊர்ப் பேச்சில் இன்சுவோ. மரியாதைக்கு முன்னால் ‘நானா’ சேர்த்து, நானா இன்சுவோ. தலைவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கும் பட்டம் அது. பெயர் வைத்த கையோடு மேடம் ஃபெலிசியா ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தாள்.

“சார், நானான்னு ஆனப்புறம் அது ஜனங்ககிட்ட நேராப் பேசப்படாது. ஒரு ஒச்சாமே வேணும்.”

அரசவையில் தலைவர் சொல்வதை வாங்கி ஊருக்குச் சொல்வதற்கும், ஊர் சொல்வதைத் தலைவருக்குச் சொல்வதற்கும் கோல் பிடித்து ஒருவர் நிற்பார். அவர்தான் ஒச்சாமே. செர்வா இன்னொரு பாட் எழுதினாள். மக்கள் கேட்பதை ஒச்சாமே வாங்கி, அழகுபடுத்தி, நானாவிடம் சொல்லும். நானா சொன்னதை மறுபடி அழகுபடுத்தி மக்களிடம் சொல்லும். இரண்டும் ஒரே மடிக்கணினியில்தான் உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து இங்கே சேதி வர ஒன்றரை நிமிடம் பிடித்தது. அது கௌரவமான தாமதம் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு தொடக்கப் பிரார்த்தனை கன்ட்ரோலர். கிறிஸ்தவப் பிரார்த்தனை ஒன்று, முஸ்லிம் பிரார்த்தனை ஒன்று, முன்னோருக்குப் பானம் ஊற்றும் சடங்கு ஒன்று. மூன்றையும் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘ஆமென்’ அடிக்க வேண்டும். பிறகு, இந்த உரையாடலுக்குத் தலைமை தாங்கும் பெருமையைத் தனக்கு அளித்ததற்காக இயக்குநர் நன்றி சொல்லும் கன்ட்ரோலர், அவருடைய புகைப்படத்தோடு. கடைசியில் நன்றியுரை. அதற்கும் கடைசியில் முடிவுப் பிரார்த்தனை. செர்வா இடையில் புகுந்து கேட்டாள்.

“சார், நடுவுல அந்தத் தண்ணி நாள்?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். எந்த நோட்டு அது?”

யகுபுவை வரவழைத்தார்கள். கையில் நோட்டோடு, கால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நோட்டின் அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிட்டிருந்தது. இயக்குநர் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்.

“வாய்ப்பாட்டு நோட்டுல எழுதினது எப்படி வாரியத்தோட முடிவாகும்? இதை யாரு அங்கீகரிச்சா? இனிமே எழுத்துல உத்தரவு வராம நீ ஒரு வால்வைத் தொடக் கூடாது. நோட்டு என்கிட்ட இருக்கட்டும். ஆய்வு பண்ணிட்டுச் சொல்றேன்.”

“சரிங்க சார்” என்றார் யகுபு. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே செர்வாவிடம், “நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினே, எனக்குத் தெரியும்மா” என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர் நாள் சொல்லும் கன்ட்ரோலரை எடுத்துவிட்டு, ‘தாங்கள் வந்த சேதி தகுந்த மரியாதையுடன் பதிவு செய்யப்பட்டது’ என்று சொல்லும் ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இருக்கும் பழக்கம் அது. ஆம் என்று ஒரு வழி இருந்தால் இல்லை என்றும் ஒரு வழி இருந்தாக வேண்டும்.

“சார், யாராவது ‘குடிக்கவில்லை’ன்னு சொன்னா என்ன பண்ணணும்?”

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் குறைந்தது பத்து நிமிடம்.

“கேட்டுக்கோங்க. நான் இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும், வாரியத்துக்கு வந்த ஒரு ஆள்கூடத் தாகத்தோட திரும்பக் கூடாது. எவனாவது குடிக்கலைன்னு சொன்னா, அவன் நேரா என் வீட்டுக்கு வரட்டும்! என் கேட்டு திறந்தே கிடக்கும்! என் கையாலே மொண்டு குடுப்பேன்! எழுதிக்கோ ஃபெலிசியா!”

மேடம் ஃபெலிசியா எழுதிக்கொண்டாள். ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று அடிக்கோடும் போட்டாள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். குறிப்பு செர்வாவின் மேசைக்கு வந்தது. குறிப்பில் இருப்பதைத்தானே நிரலாக எழுத வேண்டும்? அவளும் எழுதினாள். இயக்குநர் வீட்டு முகவரியை வாரியத்தின் கையேட்டிலிருந்து பார்த்துச் சேர்த்தாள். ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும் மறுபடி ஏழு விழுந்தது.

திறப்பு விழாவும் நடந்தது. மடிக்கணினியைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததால் அதுவரை அதைத் திறக்க முடியவில்லை.

ஒரு மாதம் ஓடியது. ஊரே நானா இன்சுவோவுக்குச் செய்தி அனுப்பியது. பதினொரு நிமிடம், மூன்று ஆமென், இயக்குநரின் படம். முதலில் வந்தவர்கள், தண்ணி இல்லைன்னுதானே கேக்க வந்தோம், குடிச்சியான்னா என்ன அர்த்தம் என்று எரிச்சல்பட்டார்கள். என்ன திட்டி எழுதினாலும் அது அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டது. பிறகு விஷயம் பிடிபட்டது. ‘குடித்தேன்’ என்று அடித்தால்தான் உள்ளே விடும். அடித்தார்கள். நாக்கு வறண்டவனும் அடித்தான், மூன்று நாளாகக் குளிக்காதவனும் அடித்தான். உள்ளே போனதும் சேதி மரியாதையுடன் பதிவானது, அவ்வளவுதான்.

மாத முடிவில் மேடம் ஃபெலிசியா கணக்கெடுத்தாள். நாற்பத்தோராயிரத்து இருநூறு பேர் வாரியத்தின் தண்ணீரைக் குடித்ததாக எழுத்து மூலம் உறுதி செய்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு. தலைநகரிலிருந்து இயக்குநருக்குக் கண்ணாடியில் செய்த கேடயம் வந்தது. நூற்றுக்கு நூறு என்ற பிறகு ஆசாமன் தெருவுக்குப் புதுக் குழாய் எதற்கு? அந்தத் திட்டம் ரத்தானது. ‘அங்கே எல்லாரும் குடித்துவிட்டார்கள்’ என்று கோப்பில் காரணம் எழுதியிருந்தது. யகுபுவுக்கு உத்தரவு வரவில்லை என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் வந்ததும் ஒரு மாதத்துக்கு மேலாக நின்றுபோனது.

அக்கா கடை வாசலில் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தங்கைக்காகக் காத்திருந்தாள்.

“வாடி நானா! உன் மெஷின் வர்றதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒரு நாளாவது வந்துச்சு. இப்ப அதுவும் போச்சு. ஒரு மாசமாக் கடை பூட்டு. நான் எங்க போய் முட்டிக்கிறது?”

செர்வாவுக்கு அழுகை முட்டியது. இத்தனைக்கும் ஆரம்பம் தன்னுடைய நாற்பது வரிதான் என்பது அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

“நீங்க எல்லாரும் குடிச்சோம்னு சொன்னீங்களேக்கா. அதை வச்சுத்தான்...”

“சொல்லாட்டி அது உள்ள விடுதா?”

“விடாது. வேற இடத்துக்கு அனுப்பும்.” சொல்லும்போதே செர்வாவுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, பொய் சொல்லாம ஒரு தடவை அடிச்சுப் பாரேன்.”

போக்குவா அடித்தாள். ‘குடிக்கவில்லை.’ பதில் உடனே வந்தது. அந்தப் பாதையில் பிரார்த்தனை வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ‘தாகத்தோடு திரும்பாதீர்கள். இயக்குநர் தம் கையால் தண்ணீர் தருவார். வீட்டு எண் 3, பலா மரச் சாலை. கேட்டு திறந்திருக்கும்.’

போக்குவா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சனிக்கிழமை காலை. அந்த ஊரில் சனிக்கிழமை என்றால் துக்க வீட்டு நாள். இயக்குநர் அம்பெம்-டார்க்கோ கறுப்பும் சிவப்புமாகக் கணுக்கால்வரை துக்கச் சால்வை போர்த்தி, ஒரு பெரிய மனிதரின் சாவுக்குத் தலைமை தாங்கக் கிளம்பினார். கூடப் போக மேடம் ஃபெலிசியா வந்திருந்தாள். டிரைவர் கேட்டைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கேட்டிலிருந்து பலா மரச் சாலையின் திருப்பம்வரைக்கும் வரிசை. கையில் மஞ்சள் கேலன், அலுமினிய வாளி, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி. எல்லாரும் பண்டிகைக்கு வந்த மாதிரி நல்ல துணி உடுத்தியிருந்தார்கள், விருந்தாளியாக வந்திருக்கிறார்கள் அல்லவா! முதல் ஆள் போக்குவா. அவளுக்குப் பக்கத்தில், பையில் மடிக்கணினியோடு செர்வா.

“யாரு நீங்க? என்ன இது?” என்றார் இயக்குநர்.

“விருந்தாளிங்க ஐயா. குடிக்கலைன்னு சொன்னோம். உங்க வீட்டுக்கு வரச் சொல்லிச்சு.” போக்குவா கைப்பேசியை நீட்டினாள்.

இயக்குநர் படித்தார். மேடம் ஃபெலிசியாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தி, “தீர்மானம் ஆயிருக்கு சார். அடிக்கோடு கூடப் போட்டிருக்கேன்” என்றாள்.

வந்த விருந்தாளியை வாசலில் வைத்துத் துரத்தினால் ஊர் என்ன சொல்லும்? அதுவும் துக்கச் சால்வையோடு, நாலு பேர் பார்க்க. வீட்டு மாடியில் மூன்று கறுப்புத் தொட்டிகள் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தன. மறைக்கவும் வழியில்லை. உள்ளேயிருந்து சுரைக் குடுவை வந்தது. இயக்குநர் சால்வையை இழுத்துச் சொருகிக்கொண்டு மொண்டு கொடுத்தார். போக்குவா நிதானமாகக் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், அப்படியே நின்றாள்.

“சார், வந்த சேதி கேக்கணும்” என்று மேடம் ஃபெலிசியா எடுத்துக் கொடுத்தாள்.

“வந்த சேதி என்னம்மா?”

“ஆசாமனுக்கு என்னைக்குத் தண்ணி வரும்?”

இயக்குநருக்குத் தெரியவில்லை. பார்க்கிறேன் என்றார். அடுத்த ஆள். வா, உட்கார், தண்ணீர், வந்த சேதி என்ன? ஆசாமனுக்கு என்னைக்குத் தண்ணி வரும்? அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். நாற்பதாவது ஆளுக்கு மொண்டபோது சால்வை நனைந்து கணுக்காலில் ஒட்டியது. துக்க வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது, பெட்டியை மூடவா வேண்டாமா என்று. வரிசை திருப்பத்துக்கு அந்தப் பக்கமும் நீண்டிருப்பதாக டிரைவர் சொன்னான்.

“இருங்க!” என்று கத்தினார் இயக்குநர். “நம்ம நானாகிட்டயே கேட்டுச் சொல்லிடறேன்.”

கைப்பேசியை எடுத்து ‘ஆசாமன்’ என்று அடித்தார். அக்வாபா, வாருங்கள், அமருங்கள் என்றது. முதலில் தண்ணீர் குடியுங்கள், குடித்துவிட்டீர்களா என்றது. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் மொண்டு கொடுத்தவர் தொண்டை வறண்டு நின்றுகொண்டிருந்தார். அந்த எரிச்சலில் விரல் உண்மையை அடித்துவிட்டது. ‘குடிக்கவில்லை.’

‘தாகத்தோடு திரும்பாதீர்கள். இயக்குநர் தம் கையால் தண்ணீர் தருவார். வீட்டு எண் 3...’

அவர் தன் வீட்டு எண்ணைத் தானே படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்தார். பிறகு, “எங்க அந்த சர்வீஸ் பொண்ணு?” என்றார்.

“இங்கதான் சார். என் பேரு செர்வா.”

“எல்லாத்தையும் எடும்மா. பிரார்த்தனை, ஒச்சாமே, என் போட்டோ, எல்லாத்தையும் எடுத்துடு.”

“ஏழு கையெழுத்து வேணும் சார்.”

“அதுல ஆறு பேரு எனக்குக் கீழதான். குடு!” ஒரே ஆள் ஏழு தடவை கையெழுத்துப் போட்டார். சம்பிரதாயம் இதற்கு இடம் தருமா என்று மேடம் ஃபெலிசியா யோசித்தாள், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை.

வரிசையின் நடுவிலிருந்து பாபா யகுபுவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் வீட்டிலும் ஒரு மாதத்துக்கு மேலாகத் தண்ணீர் இல்லை.

“யகுபு, ஆசாமனுக்கு என்னைக்கு விடலாம்?”

“நோட்டு உங்ககிட்ட ஆய்வுல இருக்கு சார். பரவாயில்ல, மனசுல இருக்கு. நீங்க ‘திற’ன்னா இப்பவே போய்த் திறந்துடுவேன். பத்து மணிக்கு வந்துடும், நாலு வரைக்கும் ஓடும். அப்புறம் வாராவாரம் செவ்வாய்க்கிழமை விட்டுடலாம்.”

“திற!” என்றார் இயக்குநர்.

செர்வா ஒரு மஞ்சள் கேலனைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்தாள். ஒவ்வொரு கன்ட்ரோலராக அழித்தாள், அன்று எடுத்துவிட்ட தண்ணீர் நாள் கன்ட்ரோலரைத் திரும்ப வைத்தாள். நான்காயிரம் வரி போய் நாற்பது வரி மிஞ்சியது. மனசு லேசானது. அனுப்பினாள். வரிசை முழுக்கக் கைப்பேசிகள் டிங் டிங் என்று ஒலித்தன. ‘ஆசாமன்: இன்று காலை 10 முதல் மாலை 4 வரை. இனி வாராவாரம் செவ்வாய்.’

யாரோ விசிலடித்தார்கள். பெண்கள் கை தட்டினார்கள். இயக்குநர் குடுவையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, சால்வையைப் பிழிந்துகொண்டே ஜீப்பில் ஏறப் போனார். வரிசை நகரவில்லை. ஒரு ஆள்கூட வீட்டுக்குத் திரும்பவில்லை.

“அதான் நாள் தெரிஞ்சுபோச்சே, கிளம்புங்க!” என்றார்.

“அதெப்படிங்க ஐயா?” போக்குவா இருபத்தைந்து லிட்டர் கேலனின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். “நான் ஒரு மடக்குத்தான் குடிச்சிருக்கேன். என் வீட்ல இன்னும் ஆறு பேரு குடிக்கல.”